பக்கத்துக் கட்டில்

நள்ளிரவு. விடுதியின் நீளமான படுக்கைக்கூடத்தில் பையன்கள் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஜூலியனுக்கு மட்டும் விழிப்புத் தட்டுகிறது. பக்கத்துக் கட்டில் புதிதாக வந்து சேர்ந்த ழான் போனேயுடையது. தலையில் தொப்பி, எதிரே இரண்டு மெழுகுவத்திகள், உதட்டில் முணுமுணுப்பு என்று ழான் விழித்திருக்கிறான். ஜூலியன் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறான். நடப்பது என்னவென்று அந்த வயதில் அவனுக்கு முழுசாகப் புரியாது. பிறர் கண்ணில் படக் கூடாத ஒன்று தன் கண்ணில் பட்டுவிட்டது என்பது மட்டும் புரிகிறது.

லூயி மால் 1987இல் எடுத்த 'ஓ ரெவ்வார் லே ஆன்ஃபான்' படத்தில் வரும் காட்சி இது. 'போய் வருகிறேன், பிள்ளைகளே' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். விடுதிப் பள்ளியில் நட்பு எப்படி முளைக்கிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு மெழுகுவத்திகளைத்தான். தெருவில் சேர்ந்து விளையாடும் நண்பனுக்கு நாம் இரவில் யார் என்று தெரியாது. பொழுது சாய்ந்தால் அவனவன் வீட்டுக்குப் போய்விடுவான். விடுதியில் போக வீடு கிடையாது. யார் தூக்கத்தில் அம்மாவைக் கூப்பிடுகிறான், யார் போர்வைக்குள் அழுகிறான், யார் படுக்கையை நனைத்துவிட்டு விடிவதற்குள் துடைத்து வைக்கப் பார்க்கிறான் என்பதெல்லாம் பக்கத்துக் கட்டிலுக்குத் தெரியும். படுக்கையை நனைப்பவன் ஜூலியனேதான். ஆக, ஒருவன் அவமானம் மற்றவனுக்கும், ஒருவன் ரகசியம் மற்றவனுக்கும் தெரிந்த நிலையில் தொடங்குகிறது இந்த நட்பு.

விடுதிப் பள்ளியைப் பற்றி உலகெங்கும் வந்திருக்கும் படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் அவை இரண்டு பக்கமாகப் பிரிவது தெரிகிறது. ஒரு பக்கம், பக்கத்துக் கட்டிலை விட்டு நகராத படங்கள். இன்னொரு பக்கம், பாதியில் ஒரு நல்ல ஆசிரியர் உள்ளே வந்ததும் கட்டிலை மறந்துவிட்டு வகுப்பறை மேடைக்குப் போய்விடும் படங்கள். இரண்டாவது வகை அதிகமாக ஓடியது. முதலாவது வகையில்தான் குழந்தைகள் உயிரோடு இருக்கிறார்கள் என்பது என் கட்சி.

முதல் வகைக்கு மூலவர் பிரெஞ்சு இயக்குநர் ழான் விகோ. அவருடைய அப்பா மிகேல் அல்மெரெய்தா அராஜகவாதி. 1917இல் சிறையில் இறந்து கிடந்தார். அப்பாவின் பெயர் ஆபத்து என்பதால் பையனுக்கு வேறு பெயர் சூட்டி மியோ நகரத்து விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். சொந்தப் பெயரைச் சொல்ல முடியாமல் விடுதியில் வளர்ந்த அந்தப் பையன் 1933இல் எடுத்ததுதான் 'நன்னடத்தைக்குப் பூஜ்யம்'. முக்கால் மணி நேரத்துக்கும் குறைவான படம். பிரெஞ்சு அரசு உடனே தடை செய்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல்தான் மறுபடி வெளியே வந்தது. விகோ அதைப் பார்க்கவில்லை. 1934இல், 29 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

தலையணைச் சண்டைக் காட்சியைத்தான் எல்லாரும் பேசுவார்கள். இறகுகள் பனிபோல மெதுவாக இறங்க, பையன்கள் சாமி ஊர்வலம்போல நடந்து வருவார்கள். அதற்கு மொரீஸ் ழோபேர் பின்னிருந்து முன்னாக இசை எழுதி, வாசித்துப் பதிவு செய்ததை மறுபடி தலைகீழாக ஓட்டினார். கனவில் கேட்கும் ஒலிபோல இருக்கும். எனக்கு அதைவிட முக்கியம் சாப்பாட்டுக் கூடம். தினமும் அவரைக்கொட்டை. பொறுமை தீர்ந்துபோன பையன்கள் கொட்டையை வாரி இறைத்துச் சமையல்காரம்மாவுக்கு எதிராகக் கோஷம் போடுகிறார்கள். அந்தச் சமையல்காரம்மா அவர்களோடு சேர்ந்து சதித்திட்டம் போடும் கோலேனுடைய அம்மா. அவன் தலையைக் குனிந்துகொள்கிறான். கோஷம் போட்டவர்களுக்கு அது உறைக்கிறது, சத்தம் அடங்குகிறது. புரட்சிப் படம் என்று பெயர் வாங்கிய படத்தில் ஒரு சிநேகிதனின் முகத்துக்காகப் புரட்சியே சற்று நிற்கிறது. விடுதி மெஸ்ஸில் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நிமிஷத்தின் எடை தெரியும்.

மாலின் படமும் சொந்த வாழ்க்கைதான். 1944 ஜனவரி 15 அன்று, பாரிஸுக்குத் தெற்கே ஃபோந்தென்ப்லோவை அடுத்த ஆவோனில் கார்மேல் சபைத் துறவிகள் நடத்திய பள்ளிக்குள் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாப்போ நுழைந்தது. பொய்ப் பெயர்களில் ஒளித்து வைத்திருந்த மூன்று யூதப் பையன்களையும் தலைமை ஆசிரியரான பாதிரியார் ழாக்கையும் பிடித்துக்கொண்டு போனது. பையன்கள் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். பாதிரியார் மாட்ஹாவ்ஸன் முகாமில் விடுதலை நாள்வரை உயிரோடு இருந்து, 1945 ஜூனில் லின்ஸ் நகரத்தில் இறந்தார். அந்தப் பள்ளி வகுப்பில் உட்கார்ந்திருந்த மாலுக்கு அப்போது 11 வயது. படமாக எடுக்க 43 வருஷம் பிடித்தது.

இத்தனை பெரிய கொடுமையைச் சொல்ல வந்தவர் படத்தின் முக்கால் பங்கை எதற்குச் செலவழிக்கிறார் என்று பாருங்கள். இரண்டு பையன்கள் காட்டில் வழி தவறுகிறார்கள். விமானத் தாக்குதல் சங்கு ஊதி எல்லாரும் பதுங்கப் போன பிறகு இருவர் மட்டும் பியானோவில் நான்கு கையால் குதூகலமாக வாசிக்கிறார்கள். இரவில் டார்ச் வெளிச்சத்தில் 'ஆயிரத்தொரு இரவுகள்' படிக்கிறார்கள். வீட்டிலிருந்து வந்த ஜாமைச் சமையலறைப் பையன் ஜோசப்பிடம் பண்டமாற்று செய்கிறார்கள். ஒருவருக்கொருவர் இவ்வளவு நெருங்கிய பிறகுதான் கெஸ்டாப்போ அதிகாரி வகுப்புக்குள் வந்து, ஒளிந்திருக்கும் யூதப் பையனான ழானின் உண்மைப் பெயரைச் சொல்லி, யார் அது என்று கேட்கிறான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் திரும்பிய நொடியில் ஜூலியனின் கண், தன்னையறியாமல், சிநேகிதன் பக்கம் போகிறது. ஒரு வினாடி கூட இல்லை. அதிகாரி பார்த்துவிடுகிறான். பயத்தில் பிள்ளையின் கண் தனக்குப் பிரியமானவனைத் தேடும். காட்டிக்கொடுத்தது அந்தப் பிரியம்தான். இதைவிடக் கொடுமையான காட்சியை நான் சினிமாவில் பார்த்ததில்லை.

ஆசிரியர் படங்களுக்கு வருவோம். பீட்டர் வியரின் 'டெட் போயட்ஸ் சொசைட்டி' (1989) என்றதும் மேஜைமேல் ஏறி நிற்கும் மாணவர்கள் நினைவுக்கு வருவார்கள். எனக்கு வேறொரு காட்சி. மாணவன் டாடுக்குப் பிறந்தநாள். போன வருஷம் அனுப்பிய அதே மேஜை எழுதுகோல் செட்டை இந்த வருஷமும் அப்பா அம்மா அனுப்பியிருக்கிறார்கள். மறந்துபோய் அனுப்பியதுதான். அவன் இருட்டில் தனியாக உட்கார்ந்திருக்க, அறைத்தோழன் நீல் வந்து சேர்கிறான். ஆறுதல் சொல்லவில்லை. இந்த செட் பறக்கக் கூடிய வடிவத்தில் இருக்கிறதே என்று கிண்டலாகத் தொடங்குகிறான், கடைசியில் டாட் அதை மேம்பாலத்திலிருந்து வீசி எறிகிறான், இருவரும் சிரிக்கிறார்கள். அடுத்த வருஷமும் ஒன்று வரும் என்கிற மாதிரித் தேற்றுகிறான் நீல். ஆசிரியர் கீட்டிங் ஊட்டிய கவிதை அத்தனையும் சேர்ந்து இந்த ஒரு காட்சிக்கு ஈடாகாது.

பிரான்ஸில் பெரும் வெற்றி பெற்ற 'லே கோரிஸ்த்' (2004) இன்னும் தெளிவான உதாரணம். சீர்திருத்த விடுதியில் பாட்டுக்குழு ஆரம்பிக்கும் வாத்தியார் மனசை அள்ளுகிறார். அப்பா சனிக்கிழமை வருவார் என்று கேட்டருகே காத்திருக்கும் குட்டிப் பையன் பெபினோவுக்கு அப்பாவே இல்லை என்பது நமக்குத் தெரியும். அவனுக்குப் படுக்கைக்கூடத்தில் ஒரு தோழன் யார் என்று கேட்டால் படத்தில் விடை மங்கலாகத்தான் இருக்கிறது. அவனுடைய ஏக்கம் முழுக்க வாத்தியாரிடம் போய்ச் சேரும்படி கதை கட்டப்பட்டிருக்கிறது.

'தாரே ஜமீன் பர்' (2007) நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் குடும்பத்தோடு பார்த்து அழுத படம். டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாட்டைப் பற்றி நடுத்தர வீடுகளில் பேச வைத்த பெருமை அதற்கு உண்டு. ஆனால் அந்தக் குறைபாடுள்ள சிறுவன் இஷானை விடுதியில் முதலில் கண்டுபிடித்தவர் ஓவிய ஆசிரியர் நிகும்ப் சார் இல்லை. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்த ராஜன் தாமோதரன், ஊன்றுகோலோடு நடக்கும் பையன். கவிதைக்கு இஷான் சொன்ன பொருளை ஆசிரியர் ஏசி ஒதுக்க, மற்றவர்கள் மனப்பாடம் ஒப்பித்தார்கள், நீதான் சரியாகச் சொன்னாய் என்கிற அர்த்தத்தில் அவனிடம் பேசுபவன் ராஜன். நிகும்ப் வந்த பிறகு இந்தப் பையன் மெல்ல ஓரத்துக்குப் போய்விடுகிறான். பஞ்சகனி மலையில் எடுத்த அந்தப் படத்தில் நான் பார்க்க விரும்பியது இரவு விளக்கணைந்த பிறகு அந்த இரண்டு பையன்களும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை. விக்ரமாதித்ய மோட்வானேயின் 'உடான்' (2010) இந்த விஷயத்தில் வேறு மாதிரி. சிம்லா விடுதியிலிருந்து நான்கு நண்பர்களை முதல் சில நிமிஷங்களிலேயே விரட்டிவிடுகிறது. மீதிப் படம் முழுக்க ஜம்ஷெட்பூரில் ஒரு முரட்டு அப்பாவிடம் மாட்டிக்கொண்ட ரோஹனுக்கு அந்த நண்பர்கள் தொலைபேசிக் குரல்களாக மட்டும் மிச்சம். இல்லாமையைக் காட்டியே நட்பின் அளவைச் சொல்லிவிட்டார்.

பெண்பிள்ளைகளின் விடுதிக்கு அல்ஃபோன்ஸோ குவாரோனின் 'எ லிட்டில் பிரின்சஸ்' (1995) ஒன்றே போதும். பணக்கார சாரா ஒரே நாளில் ஏழையாகி, வேலைக்காரச் சிறுமி பெக்கியோடு பரணில் படுக்க வேண்டி வருகிறது. நடுவில் ஒரு சுவர், அவ்வளவுதான். 1905இல் வந்த பிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட்டின் நாவலில் சாராவுக்கு நல்ல காலம் பிறந்ததும் பெக்கி அவளுக்குப் பணிப்பெண்ணாகக் கூடப் போகிறாள். குவாரோன் அதை ஏற்கவில்லை. அவர் படத்தில் பெக்கி சகோதரியாகப் போகிறாள். ஒரு நாவலைத் திருத்தியதற்காக ஒரு இயக்குநரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டுமென்றால் நான் இதற்காகக் கும்பிடுவேன்.

துருக்கியின் ஃபெரித் கராஹான், குர்து இனப் பிள்ளைகள் படிக்கும் அரசு விடுதிப் பள்ளியை வைத்து எடுத்த 'ஓகுல் திராஷி' (2021) சின்னப் பிள்ளைகளுக்கான படம் இல்லை. பெரியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். கராஹானும் அப்படியொரு விடுதியில் படித்தவர். கிழக்கு அனடோலியாவின் மலை, கொட்டும் பனி. வாரக் குளியலின்போது சண்டை போட்டதற்காகப் பச்சைத் தண்ணீரில் குளிக்கும் தண்டனை பெற்ற மெமோவால் மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. தோழன் யூசுஃப் ஒவ்வொரு பெரியவரிடமும் போய் நிற்கிறான். நோயாளி அறையில் ஆஸ்பிரினைத் தவிர உருப்படியாக எதுவும் இல்லை. சாலை அடைபட்டிருக்கிறது. பெரியவர்கள் யார்மேல் தப்பு என்று தங்களுக்குள் விசாரணை நடத்திக்கொண்டிருக்க, கட்டிலருகே உட்கார்ந்திருப்பவன் யூசுஃப் மட்டும்.

கடைசியாக ஜெர்மன் எழுத்தாளர் எரிஷ் கெஸ்ட்னர். குடும்பமாக உட்கார்ந்து பார்க்க விடுதிக் கதை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 'பறக்கும் வகுப்பறை'. நாவல் வந்தது 1933இல். அதே வருஷம் மே மாதம் பெர்லினில் நாஜிகள் கெஸ்ட்னரின் புத்தகங்களைக் கொளுத்தினார்கள், அவரும் கூட்டத்தில் நின்று பார்த்தார். அந்த வருஷத்தில் அவர் எழுதியது கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு விடுதியில் ஐந்து பையன்கள் நாடகம் போடும் கதை. எப்போதும் பசித்திருக்கும் குத்துச்சண்டைக்கார மத்தியாஸ், பயந்தாங்கொள்ளி என்ற பெயரைப் போக்கக் குடையோடு உயரத்திலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொள்ளும் உலி, அப்பா கப்பலேற்றிக் கைவிட்ட ஜானி. அப்புறம் மார்ட்டின், வகுப்பில் முதல் மாணவன், ஏழை. விடுமுறைக்கு ஊர் போக ரயில் கட்டணம் எட்டு மார்க். அம்மாவால் அனுப்ப முடிந்தது ஐந்து மார்க், அதுவும் தபால்தலைகளாக. பையன் யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொள்கிறான்.

இந்தக் கதை நான்கு முறை படமானது. 1954இல் குர்ட் ஹோஃப்மன் எடுத்ததற்கு கெஸ்ட்னரே திரைக்கதை எழுதித் திரையிலும் தோன்றினார். பழைய படம், பழைய மரியாதை, இன்றும் சலிக்கவில்லை. 1973இல் வந்ததைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 2003இல் டோமி விகாண்ட் கதையை லைப்சிக் நகரத்துத் தோமாஸ் பாடகர் குழுவின் விடுதிக்குக் கொண்டு போனார். கதையில் வரும் ஆசிரியரையும் அவர் தொலைத்துவிட்ட இளவயது நண்பரையும் பிரித்தது இங்கே கிழக்கு, மேற்கு ஜெர்மனி எல்லை. கெஸ்ட்னர் உயிரோடிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன். 2023இல் கரோலினா ஹெல்ஸ்கார்டின் படத்தில் மார்ட்டின் மார்ட்டினாவாகியிருக்கிறாள், அந்த இளவயது நண்பரும் பெண்ணாகியிருக்கிறார்.

இந்தக் கதையிலும் நல்ல ஆசிரியர் உண்டு, பெயர் பெக். பையன்கள் அவரை யூஸ்டுஸ், நியாயவான், என்று அழைக்கிறார்கள். ஆனாலும் அவர் பக்கத்துக் கட்டிலைப் பறித்துக்கொள்ளவில்லை. காரணம், அவரும் அதே பள்ளியில் படுத்தெழுந்தவர். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அனுமதியில்லாமல் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, தண்டனை அறையில் அடைபட்டார். மறுநாள் கதவைத் திறந்தபோது உள்ளே இருந்தது அவருடைய நண்பன். அவர் அம்மாவிடம் போயிருக்க, அவருக்குப் பதிலாக நண்பன் உட்கார்ந்திருந்தான். பிள்ளைகள் மனம் விட்டுப் பேச ஒருவர் இருக்க வேண்டும் என்றுதான் பெக் அதே பள்ளிக்கு ஆசிரியராக வந்தார். மார்ட்டினின் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கறந்து, இருபது மார்க்கை அவன் கையில் வைத்து ரயிலேற்றி விடுபவரும் அவரே.

அந்த நண்பனைப் பல வருஷம் முன்பே அவர் தொலைத்துவிட்டார். தொலைந்தவரோ பள்ளிக்குப் பக்கத்துத் தோட்டத்தில், பழைய ரயில் பெட்டி ஒன்றில் குடியிருக்கிறார். பெட்டியில் 'புகை பிடிக்காதோர்' என்று பலகை மாட்டியிருப்பதால் பையன்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுதான், மனிதர் நன்றாகவே புகைப்பார். இரண்டு பேரையும் தனித்தனியே தெரிந்த மார்ட்டினும் ஜானியும் ஒருநாள் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். ஆசிரியரைப் பனியில் நடத்திக் கூட்டிக்கொண்டு வந்து பெட்டி வாசலில் நிறுத்துகிறார்கள். இரண்டு பெரியவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். என்ன பேசப்போகிறார்கள் என்று கேட்கப் பையன்கள் காத்திருப்பதில்லை. வேலியை நோக்கி ஓடிவிடுகிறார்கள்.