பேரணாம்பட்டில் பீட்டர் லிஞ்ச்

2020 ஊரடங்கில் பெங்களூர் அறையைக் காலி பண்ணிவிட்டு பேரணாம்பட்டுக்கு வந்து, மொட்டை மாடி அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்த்த மாதங்களில்தான் எனக்கும் பங்குச் சந்தைப் பித்து பிடித்தது. எனக்கு மட்டுமில்லை. 2020 மார்ச்சில் நாட்டில் சுமார் 4 கோடி டீமேட் கணக்குகள் இருந்தன. 2022 ஆகஸ்டில் அது 10 கோடியைத் தாண்டியது. புதிதாக வந்தவன் எதைப் படிக்கலாம் என்று கேட்டபோது டீமில் மூன்று பேர் சொன்ன ஒரே பெயர், பீட்டர் லிஞ்ச்சின் 'ஒன் அப் ஆன் வால் ஸ்ட்ரீட்'.

1989இல் ஜான் ராத்சைல்டுடன் சேர்ந்து அவர் எழுதிய புத்தகம். 1977 முதல் 1990 வரை ஃபிடெலிட்டி மெகல்லன் ஃபண்டை நடத்தி, ஆண்டுக்குச் சராசரியாக 29 சதவீதம் ஈட்டிக் கொடுத்தவர். அப்படிப்பட்டவர் வாசகனைப் பார்த்து, நிபுணர்களைவிட உனக்குத்தான் வசதி அதிகம் என்கிறார். நீ வேலை செய்யும் இடத்தில், பொருள் வாங்கும் கடையில், நல்ல கம்பெனி எது என்று வால் ஸ்ட்ரீட்டுக்கு முன்பே உனக்குத் தெரிந்துவிடுகிறது. அவருடைய மனைவி சூப்பர் மார்க்கெட்டில் முட்டை வடிவ டப்பாவில் விற்ற காலுறையை வாங்கி வந்து பிடித்துப்போனதிலிருந்து ஹேன்ஸ் கம்பெனியைக் கண்டுபிடித்த கதையைப் படித்தவர்கள் யாரும் மறப்பதில்லை.

என்னை உலுக்கியது வேறொரு பத்தி. டாக்டர்கள் மருந்து கம்பெனிப் பங்கை விட்டுவிட்டு எண்ணெய்க் கம்பெனியில் பணம் போடுகிறார்கள். செருப்புக் கடைக்காரர் விமானக் கம்பெனியில் போடுகிறார், விமானப் பொறியாளர் செருப்புக் கம்பெனியில் போடுகிறார் என்று கிண்டலடிக்கிறார் லிஞ்ச். தோலும் ஷூவுமாகப் பிழைக்கும் ஊரில் உட்கார்ந்து இதைப் படிப்பவனுக்கு எப்படி இருக்கும்! எங்கள் தெருவில் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகாத வீடு குறைவு. ஈரத் தோலைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பிரித்துப் போடும் ஆட்கள் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, செருப்புப் பங்கே வாங்குவோம் என்று தேடினேன். ஆம்பூர் வட்டாரத்தின் பெரிய ஏற்றுமதிக்காரர்கள் பெரும்பாலும் குடும்ப நிறுவனங்கள். அவர்களுடைய பங்கு சந்தையில் கிடைக்காது. கிடைப்பது பாட்டா, ரிலாக்ஸோ, பிறகு வந்த மெட்ரோ, கேம்பஸ் மாதிரியான கம்பெனிகள். எங்கள் ஊருக்குத் தெரிந்ததோ ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் ஷூ. தெரிந்த கம்பெனி வாங்கக் கிடைக்கவில்லை, வாங்கக் கிடைத்தது தெரிந்த கம்பெனி இல்லை. லிஞ்ச்சின் மனைவி கடையில் பொருள் வாங்குபவர். நாங்கள் பொருள் செய்யும் முனையில் இருக்கிறோம். புத்தகம் இரண்டுக்கும் இடமிருப்பதாகச் சொல்கிறது. ஆனால் அதன் கதைகளில் முக்கால்வாசி கடைக்குப் போகிறவரின் கதைகள்.

எல்லார் காலிலும் பார்த்த ஒரு கம்பெனியைத்தான் கடைசியில் வாங்கினேன். அப்பாவிடம் ஆப்பைக் காட்டினேன். ஒரு டேனரியில் 30 வருஷம் கணக்கு எழுதியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இவுங்களுக்கு வெளியே கடன் எவ்ளோ நிக்குது? சரக்கு எவ்ளோ தேங்கிக் கெடக்குது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "அப்ப எதப் பாத்து வாங்கன?"

இரண்டு கேள்வியும் லிஞ்ச்சின் 13ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன. விற்பனையைவிட வேகமாகச் சரக்கு தேங்கினால் ஆபத்து; கடன் இல்லாத கம்பெனி திவாலாவது கடினம். நான் படித்திருந்தேன், நினைவில் நிற்கவில்லை. (பங்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.) என் சோம்பல் ஒரு காரணம்தான். ஆனால் புத்தகத்தின் எழுத்து முறைமீதும் எனக்கு வழக்கு உண்டு. கண்டுபிடிப்பை லிஞ்ச் கதையாகச் சொல்கிறார், சரிபார்ப்பைக் கையேடாகச் சொல்கிறார். காலுறைக் கதையிலேயே உழைப்பு இருக்கிறது: போட்டிக் கம்பெனியின் காலுறை 48 ஜோடி வாங்கி அலுவலகத்தில் கொடுத்துச் சோதித்தார். அந்த 48 ஜோடியை யாரும் சொல்வதில்லை, மனைவியைத்தான் சொல்கிறார்கள். 2000ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில், கடை பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் பங்கு வாங்கச் சொல்லவில்லை என்று அவரே விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. 11 வருஷம் கழித்து! தப்பாகப் படித்தது நான் ஒருவன் மட்டும் இல்லை.

அவர் எங்களுக்கு நிஜமாகவே உதவும் இடம், சுழற்சிக் கம்பெனிகளைப் பற்றிய பகுதி. அந்தத் தொழிலிலேயே இருப்பவனுக்கு ஏற்ற இறக்கம் முன்கூட்டியே தெரியும் என்கிறார். உண்மை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 50 சதவீத வரி போட்டபோது, எந்தக் காலாண்டு முடிவும் வருவதற்கு முன்பே ஓவர்டைம் நின்ற சேதி எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. ஆனால் அதே சேதி பட்டியலிடப்பட்ட ஒரு கம்பெனியின் உள்ளேயிருந்து வந்து, அதை வைத்து நான் பங்கு விற்றால், செபியின் 2015 விதிகளில் அதற்கு வேறு பெயர்.

லிஞ்ச் கணக்கில் காட்டாத சொத்துகளைத் தேடச் சொல்கிறார்: பழைய விலையில் எழுதிவைத்த நிலம், மரம். கணக்கில் காட்டாத கடனைப் பற்றிப் பாலாற்றங்கரைக்காரன்தான் எழுத வேண்டும். 1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அதுவரை எந்தப் பேரேட்டில் அந்த ஆறு இருந்தது?

புத்தகத்தில் எல்லாருக்கும் பிடித்த இன்னொன்று, காக்டெய்ல் பார்ட்டிக் கோட்பாடு. சந்தை சரிந்திருக்கும்போது விருந்தில் லிஞ்ச்சை விட்டுவிட்டுப் பல் டாக்டரிடம் பேசுவார்கள். உச்சத்தில் லிஞ்ச்சுக்கே எந்தப் பங்கு வாங்கலாம் என்று சொல்லித் தருவார்கள். எங்கள் பக்கம் இது கல்யாணப் பந்தியில் நடந்தது. ஆனால் பேச்சில் பங்கின் பெயரே வராது, ஏஜென்ட்டின் பெயர்தான் வரும். வேலூரிலிருந்து இயங்கிய ஐ.எஃப்.எஸ். நிறுவனம், பணத்தைச் சந்தையில் போட்டு மாதம் 8 சதவீதமும் அதற்கு மேலும் தருவதாகச் சொல்லி வாங்கியது. 2022இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது. சுமார் 6,000 கோடி ரூபாய் என்பது போலீஸ் கணக்கு. லிஞ்ச் வருஷத்துக்கு 29, இவர்கள் மாதத்துக்கு 8. இந்த ஒரு ஒப்பீடு அந்தப் பந்தியில் யாருக்காவது தெரிந்திருந்தால் எத்தனை நகை வீட்டிலேயே இருந்திருக்கும். நம்மிடம் புத்தகம் இல்லாமலும் இல்லை. சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்' தலைப்பில்தான் ஆசை காட்டுகிறது, உள்ளே அடிப்படைகளைப் பொறுமையாகச் சொல்கிற புத்தகம். பந்தி வரை போனது தலைப்பு மட்டும்.

இப்போது ஒரு கம்பெனி பிடித்துப்போனால் அதன் ஆண்டறிக்கையை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் பாதி புரியாது, எண் மட்டும் படிப்பார். போன வாரம் பென்சிலால் ஒரு வரியைச் சுழித்து வைத்திருந்தார். "மத்த கடன்னு போட்டிருக்கானே, அந்த மத்தவன் யாரு?" குறிப்புகளில் 40 பக்கம் தேடினேன். இன்னும் கிடைக்கவில்லை.