உடல் கிடைத்தவரும் கிடைக்காதவரும்

1919 ஜனவரி 15 இரவு பெர்லினில் கம்யூனிஸ்ட் தலைவர்களான கார்ல் லீப்க்னெக்ட்டும் ரோசா லக்சம்பர்க்கும் கொல்லப்பட்டார்கள். ஒரே கட்சி, ஒரே இரவு, ஒரே படைக் கூட்டம். ஆனால் ஓவியர்கள் இருவருக்கும் ஒரே விதமாக எதிர்வினை செய்யவில்லை. லீப்க்னெக்ட்டைப் பற்றிய தலைசிறந்த படைப்பில் இருப்பது துக்கம். ரோசாவைப் பற்றியவற்றில் இருப்பது கொலை. ஓவியர்களின் பாணியும் கொள்கையும்தான் இதற்குக் காரணம் என்று சொல்லிவிடலாம். அதைவிட நேரடியான காரணம் ஒன்று இருப்பதாகவே நான் நினைக்கிறேன். லீப்க்னெக்ட்டின் உடல் பிணவறைக்கு வந்து சேர்ந்தது. ரோசாவின் உடல் லாண்ட்வேர் கால்வாயில் வீசப்பட்டது. மே மாத இறுதிவரை கிடைக்கவில்லை.

ஜனவரி 25 அன்று, அடக்கத்துக்கு முன், லீப்க்னெக்ட் குடும்பத்தின் விருப்பப்படி ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் பிணவறைக்குப் போய் அவர் முகத்தை வரைந்தார். குண்டு துளைத்த நெற்றியைச் சுற்றிச் சிவப்புப் பூக்கள் வைத்திருந்ததை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தக் கோட்டோவியங்களை வைத்துக்கொண்டு அமிலச்செதுக்கிலும் கல்லச்சிலும் முயன்றார், எதிலும் நிறைவில்லை. எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளை 1920இல் பார்த்த பிறகுதான் வழி பிடிபட்டது. முடிவான மரச்செதுக்கில் உடல் அடிப்பகுதியில் வெண்மையாக நீண்டு கிடக்கிறது. மீதி இடமெல்லாம் தொழிலாளர்கள். முன்னால் இருப்பவர் முதுகு வளையக் குனிந்து, தன் பெரிய கையை இறந்தவரின் மார்பில் வைத்திருக்கிறார். கூட்டத்தில் கைக்குழந்தையோடு ஒரு தாயும் எட்டிப் பார்க்கிறாள். கோல்விட்ஸ் கம்யூனிஸ்ட் அல்லர். லீப்க்னெக்ட்டின் அரசியலை ஏற்காமலேயே தொழிலாளர்களின் துயரை வரையும் உரிமை கலைஞருக்கு உண்டு என்றுதான் வாதிட்டார். ஆகவே இந்தப் படம் கட்சிப் பற்றிலிருந்து வந்ததல்ல. உடலை நேரில் கண்டவர் வரைந்தது அது; கண்டதனால்தான் கொலையைக் கற்பனை செய்யும் தேவை அவருக்கு எழவில்லை.

மாக்ஸ் பெக்மனுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அதே 1919இல் வெளிவந்த ‘நரகம்’ என்ற கல்லச்சுத் தொகுப்பில் அவர் ரோசாவின் கொலையையே அரங்கேற்றினார். சிலுவையில் அறைந்தாற்போல் விரிந்த கைகள், சுற்றிலும் நெருக்கியடிக்கும் ஆண்கள். 1960இல் ஆர். பி. கிட்டாய் வரைந்தபோதும் பொருள் கொலைதான். கொலையை விவரிக்கும் எழுத்துத் தாளை ஓவியக் கித்தானிலேயே ஒட்டினார். கண்ணால் காணாத இடத்தை ஒருவர் விவிலியப் படிமத்தால் நிரப்பினார், மற்றவர் ஆவணத்தால்.

கன்ராட் ஃபெலிக்ஸ்முல்லரின் 1919 கல்லச்சு இதை மறுப்பதாகத் தோன்றலாம். அதில் லீப்க்னெக்ட்டும் ரோசாவும் சடலமாகவோ காயத்துடனோ இல்லாமல், நகரத்துக்கு மேலே சேர்ந்து எழுகிறார்கள். ஆனால் அவர் டிரெஸ்டனில் இருந்தவர். பெர்லின் பிணவறை அவருக்குச் செய்தி மட்டுமே. லீப்க்னெக்ட்டின் உடல் இருந்தது என்பதைவிட யார் அதைப் பார்த்தார் என்பதே முக்கியம் என்று என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன், கைவிடவில்லை. கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1926இல் ஃப்ரீட்ரிக்ஸ்ஃபெல்டே கல்லறைத் தோட்டத்தில் எழுப்பிய செங்கல் நினைவுச்சின்னம் இன்னும் கடினமான உதாரணம். புரட்சியாளர்கள் சுவருக்கு முன் நிறுத்திச் சுடப்படுவார்கள் என்ற எண்ணத்தில் அவர் சுவரைத் தேர்ந்தார். இவ்விருவரில் எவரும் சுவர் முன் சுடப்படவில்லை. உண்மையில் நிகழ்ந்ததை விட்டுவிட்டு எல்லாப் புரட்சியாளர்களுக்கும் பொதுவான சாவை அவர் கட்டினார். நாஜிகள் 1935இல் அதை இடித்தார்கள். ஆகவே இப்படைப்புகளை ஒரு கண்காட்சியில் வைப்பவர்கள் பாணிவாரியாகப் பிரிக்காமல், கோல்விட்ஸின் பிணவறைக் கோட்டோவியத்தை மரச்செதுக்குக்கு அருகிலும், பெக்மனை அவற்றுக்கு நேர் எதிரிலும் மாட்ட வேண்டும்.