அகோர முகமும் அதன் வாயிலும்

ஈப்போ நகரைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளின் குகைகளில் வழிபாட்டிடங்கள் பல உள்ளன. கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயமும் குகைக் கோயிலாகத் தோன்றியதே. மேலைத் திறனாய்வில் விகார உருவங்களைக் குறிக்கும் 'குரோட்டெஸ்க்' என்னும் சொல்லும் குகையிலிருந்து பிறந்ததே. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், உரோமில் மண்மூடிக் கிடந்த நீரோ மன்னனின் மாளிகையைக் கண்டோர் அதனைக் குகையென்றே கொண்டனர். அதன் சுவரோவியங்களுக்கு அப்பெயரே நிலைத்தது. இவ்விரு மரபுகளிலும் அகோர முகம் ஆற்றும் பணி ஒன்றுதானா என்பதே இங்கு எழும் வினா.

இத்தாலிய ஓவியர் ரோசோ பியோரெந்தினோ 1530இல் பிரான்சு சென்று, போந்தென்புளோ அரண்மனைக் கூடத்தைச் சுதை உருவங்களாலும் முகமூடித் தலைகளாலும் அணிசெய்தார். 1540களில் பந்துசி முதலியோர் அவ்வணிகளைச் செப்புத் தகட்டில் வரைந்து, அமிலத்தால் அரித்து அச்சிட்டனர். ரெனே பொய்வின் பெயரால் வழங்கும் அச்சோவியங்களில் முகமூடித் தலைகள் சுவரை நீங்கித் தனித்து நிற்கின்றன. 1565இல் பாரிசில் ரிசார் பிரெத்தோன் வெளியிட்ட நூலொன்றில் 120 விகார உருவங்கள் மரச்செதுக்காக இடம்பெற்றன. முகமூடிக் கூத்துக்கு இவை மாதிரியாகப் பயன்படும் என்று அதன் முன்னுரையே கூறுகிறது. ஆக, அச்சு முகத்திற்குக் கால் கொடுத்தது; ஆனால், அது நின்ற இடத்தைப் பறித்தது. அச்சம் அணியாயிற்று.

தமிழ்க் கோயில் மரபில் அகோர முகம் இடத்தோடு பிணைந்தது. சலந்தரனின் தூதனாய் வந்த இராகுவை விழுங்கச் சிவபெருமான் தோற்றுவித்த பூதம், பின் அவர் ஆணைப்படி தன்னுடலையே தின்று முகமாய் எஞ்சிற்று என்பது புராணம். அம்முகமே கீர்த்திமுகமாகி வாயில்களின் மேலும் விமானக் கூடுகளின் உச்சியிலும் அமர்ந்தது. சாவகத்துக் கோயில் வாயில்களில் காணும் காலமுகமும் இதன் உறவே. வாயில் இன்றேல் இம்முகத்திற்குப் பொருள் இல்லை எனலாம்.

பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களில் முனீஸ்வரரும் மதுரை வீரனும் தொடக்கத்தில் மரத்தடிக் கல்லாகவோ நட்ட சூலமாகவோ நின்றனர். உருட்டு விழியும் கோரைப் பல்லும் கொண்ட முகங்கள் பின்னரே சுதையில் வந்தன. 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடல் இக்கோயில்களின் நிலத்தையே அசைத்தது. அதனை எதிர்கொள்ளவே சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆயினும், பிற்காலத்தில் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின, தெய்வங்களும் இடம்பெயர்ந்தன. புதிய கோயிலில் எழும் முகம் பெரிதாகவும் நேர்த்தியாகவும் இருக்கலாம். ஆனால், அது எந்த லயத்தை, எந்த எல்லையைக் காத்தது என்னும் செய்தி அதில் இல்லை. போந்தென்புளோ முகங்கள் தாளில் அடைந்த கதியை நம் காவல் முகங்கள் சுதையில் அடைகின்றன.

இதனால் அச்சைப் பழிப்பது முறையன்று. போந்தென்புளோ அணிகள் ஐரோப்பாவெங்கும் அறியப்பட்டது தாளினால்தான். நமக்கோ தாளில் பதிந்தது மிகக் குறைவு. பேராக்கின் தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு இம்முகங்களை வரையவும் படமெடுக்கவும் செய்யலாம். அப்போது முகத்தோடு அது நோக்கிய திசையும், நின்ற மரமும், தோட்டத்தின் பெயரும் குறிக்கப்பட வேண்டும். இவையின்றித் திரட்டப்படும் முகங்கள் மற்றொரு மாதிரிப் புத்தகமாகவே முடியும்.