அடியும் ஏடும்

அச்சம் பிறக்கும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்காக வகுத்தார் என்பது தமிழாசிரியர்கள் அறிந்ததே. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. முதல் மூன்றும் வீட்டுக்குப் புறத்தே உள்ளவை. நான்காவதோ நம்மை ஆள்பவர். ‘இறை’ என்பதற்கு அரசன் என்று மட்டும் பொருள் கூறிப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவன் நான். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அரசனை எங்கே தெரியும்? அதற்கு வீட்டில் தந்தையும் தமையனும் இறை. பள்ளியில் ஆசிரியர் இறை.

அந்த நான்காம் அச்சத்தை, அடிபட்ட பிள்ளையே வளர்ந்து நின்று எழுதிய தன்வரலாறுகள் தமிழில் மிகச் சில. அவற்றுள் இரண்டை இங்கு எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ (2007). மற்றொன்று, ரேவதியின் ‘வெள்ளை மொழி’ (2011). இருவரும் திருநங்கையர். அதனாலேயே இந்நூல்களை ‘அவர்கள் சங்கதி’ என்று ஒதுக்கிவிடுவார் உண்டு. அது குறுகிய வாசிப்பு. சிறுவனாக வளர்க்கப்பட்ட ஒரு பிள்ளையின் முதுகில் விழுந்த அடியைப் பற்றிய பக்கங்கள் எல்லார் வீட்டுக்கும் உரியவை.

வித்யாவின் நூல், அறுவைச் சிகிச்சைக்காகக் கடப்பைக்குப் போகும் பயணத்தில் தொடங்கிப் பிறகே திருச்சிப் பக்கத்துப் பிள்ளைப் பருவத்துக்குத் திரும்புகிறது. இந்த வைப்பு முறையைக் குறைகூறுவோர் இருக்கலாம், நான் பாராட்டுகிறேன். தானே விரும்பி ஏற்ற வலியை முதலில் காட்டி, கேளாமல் கிடைத்த வலியைப் பின்னர்ச் சொல்வதால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வாசகரே உணர்ந்துகொள்கிறார். தந்தை கொடியவராக வரையப்படவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியில், வறுமையில் உழன்ற அவர், தம் மகன் வகுப்பில் முதல்வனாக வந்து பெரிய பதவி பெறவேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த ஆசையே கைநீட்டி அடித்தது. நம் தோட்டங்களில் இத்தகைய தந்தையரை நான் நிரம்பக் கண்டிருக்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு வந்து, “நல்லா அடிங்க சார், கண்ணை மட்டும் விட்டுடுங்க” என்று சொல்லிப் போவார்கள். அன்பு இருந்தது என்பதற்காக அடியை வித்யா மன்னிப்பதில்லை. அடித்தார் என்பதற்காக அன்பை மறைப்பதும் இல்லை. இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் நிறுத்தும் நேர்மையே அந்நூலின் சிறப்பு.

‘அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்பது நாம் கூசாமல் சொல்லும் பழமொழி. ரேவதியின் நூலைப் படித்த பின் அதைச் சொல்ல நா எழவில்லை. அங்கே அடிப்பதே அண்ணன்தான். கிரிக்கெட் மட்டையால் அடிக்கிறார். வளர்த்த கூந்தலையும் வீட்டார் மழித்துவிடுகின்றனர். தமிழாசிரியர்கள் கட்டாயம் படிக்கவேண்டியதோ அதற்கும் முந்திய பள்ளிக்கூடப் பகுதி. பெண்போல் நடக்கிறான் என்பதற்காக உடற்பயிற்சி ஆசிரியர் அச்சிறுவனைப் பிறர் காண இழிவுபடுத்துகிறார். அழுகைக்குத் தொல்காப்பியர் கூறிய நான்கு காரணங்களுள் முதலாவது இளிவு; இழவும் அசைவும் வறுமையும் அதன் பின்னரே வருகின்றன. அவ்வரிசையின் நியாயம் எனக்கு இந்நூலில்தான் விளங்கிற்று.

ரேவதியின் நடையில் அலங்காரம் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிச் செல்கிறார். சில இடங்களில் ஒரே துன்பம் மீண்டும் மீண்டும் வருவதால் வாசகருக்குச் சோர்வு தட்டும் என்பது உண்மை. இருந்தும் அதை வெட்டிச் சுருக்கியிருக்கலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. தம் கதையை எழுதுமுன் அவர் பிற திருநங்கையரின் கதைகளைக் கேட்டுத் தொகுத்து ‘உணர்வும் உருவமும்’ என்ற நூலாக்கினார். தம் கதை தமிழில் எழுதப்பட்டும், வ. கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பே 2010இல் முந்திக்கொண்டு வெளிவந்தது. தமிழ் வாசகர் ஓராண்டு பிந்தியே பெற்றனர்.

பிறர் சொல்லக் கேட்டதால் தம் கதையைச் சொல்லத் துணிவு பிறந்தது போலும் என்று எண்ணும்போது, அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி மாயா ஏஞ்சலோ 1969இல் வெளியிட்ட தன்வரலாறு நினைவுக்கு வருகிறது. எட்டு வயதில் தாயின் நண்பனால் கெடுக்கப்பட்டவர் அவர். வழக்கு மன்றத்தில் அவர் சாட்சி சொன்ன பின் அம்மனிதன் கொல்லப்பட்டான். தன் குரலே ஓர் உயிரைக் கொன்றது என்று அஞ்சி ஏறக்குறைய ஐந்தாண்டுகள் அக்குழந்தை பேசவில்லை. வாயைத் திற என்று அதட்டியவர்களால் ஒன்றும் ஆகவில்லை. ஊரிலிருந்த பிளவர்ஸ் என்ற அம்மையார் வீட்டுக்கு அழைத்து, பலகாரம் கொடுத்து, நூல்களையும் கொடுத்து, உரக்கப் படிக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். நம் இரு தமிழ் நூல்களிலும் அத்தகைய ஆசிரியர் ஒருவரைத் தேடினேன். அந்தப் பிள்ளைப் பருவப் பக்கங்களில் அவரைக் காணோம்.

பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த புதிதில் ஒரு தோட்டப் பள்ளியில் எனக்கும் பேசாத மாணவன் ஒருவன் இருந்தான். வெயிலிலும் நீளக்கைச் சட்டை போட்டு வருவான். முன்னேற்ற அறிக்கையில் ‘சோம்பல், பிடிவாதம்’ என்று எழுதினேன். அவனுடைய தந்தை அதில் கையொப்பமிட்டு அனுப்பினார். அந்தச் சட்டைக்குள் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் பிரம்பைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்தன. சிறுவர் மீதான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம், அறிந்தும் தெரிவிக்காதிருப்பதையே குற்றமாக்கிற்று. என் அறிக்கையைப் பிடிக்க எந்தச் சட்டமும் இல்லை.

இந்நூல்களைத் தொடக்கப்பள்ளி மாணவர் கையில் கொடுக்கச் சொல்லமாட்டேன்; அவர்களுக்கு உரியவை அல்ல. பந்திங்கில் எங்கள் பள்ளி ஆசிரியர் அறை அலமாரியில் இரண்டையும் வைத்திருக்கிறேன். ‘நான், வித்யா’வை இரவல் கொண்டுபோன ஆசிரியை ஒருவர் மூன்று வாரம் கழித்துத் திருப்பித் தந்தார். நூலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனைப் பற்றித் தனியே பேசவேண்டும் என்றார். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னேன்.