விக்கல் அல்ல, தும்மல்

'ஹிச்கி' என்ற இந்திச் சொல்லுக்கு விக்கல் என்று பொருள். சித்தார்த் பி. மல்ஹோத்ரா இயக்கி, ராணி முகர்ஜி நடித்து 2018இல் வந்த படத்தின் பெயர் அது. நைனா மாத்தூருக்கு டூரெட் நோய்க்குறி. பேசிக்கொண்டிருக்கும்போதே தொண்டையிலிருந்து சத்தம் வெடிக்கும், தாடை வெட்டி இழுக்கும். ஆசிரியர் வேலைக்காகப் பள்ளி பள்ளியாக ஏறி இறங்குகிறார். வேலை கிடைத்ததும், யாரும் சீண்டாத ஒரு வகுப்பை அவர் தலையில் கட்டுகிறார்கள். மீதியை நீங்களே ஊகித்துவிடலாம். பிராட் கோஹென் என்ற அமெரிக்க ஆசிரியரின் தன்வரலாற்றை அடிப்படையாகக் கொண்ட படம் இது. நல்ல மனசோடு எடுத்திருக்கிறார்கள், ராணி முகர்ஜியும் கேலிக்கு இடம் வைக்காமல் நடித்திருக்கிறார். எனக்கு உறுத்துவது தலைப்புதான்.

விக்கல் நம்மைக் கேட்டுவிட்டு வருவதில்லை. வந்த பிறகுதான் வந்ததே தெரியும். டிக் அப்படியில்லை. கண் சிமிட்டல், தோள் குலுக்கல், தொண்டைக் கனைப்பு, மூக்கு உறிஞ்சல் என்று திடீர் திடீரென்று திரும்பத் திரும்ப வரும் அசைவுகளையும் சத்தங்களையும் டிக் என்கிறார்கள். சிறுவயதில் தொடங்கி, பல அசைவுகளும் ஒரு சத்தமாவதும் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அது டூரெட். பார்க்கிறவர்களுக்குத் தெரிவது அசைவு மட்டும். ஆனால் அசைவுக்கு முன்னால் ஒன்று இருக்கிறது. உடம்பின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அரிப்பு மாதிரி, இறுக்கம் மாதிரி, தும்மல் வருவதற்கு முன் மூக்கில் ஏறுமே அந்தக் குறுகுறுப்பு மாதிரி ஓர் உந்துதல். அசைத்தால் அது அடங்கும். அசைக்காவிட்டால் ஏறிக்கொண்டே போகும்.

ஜில் தெ லா டூரெட் பாரிசில் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதியது 1885இல். அதன்பின் வெகுகாலம் மருத்துவர்கள் வெளியே தெரிந்ததைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஜோசப் பிளிஸ் என்பவருக்கு டூரெட் இருந்தது. தன் உடம்பைத் தானே பல ஆண்டுகள் கவனித்து, ஒவ்வோர் அசைவுக்கும் முன் என்ன உணர்கிறார் என்பதை 1980இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். 1993இல் அமெரிக்காவில் டிக் உள்ள 135 பேரிடம் கேட்டபோது 93 விழுக்காட்டினர் 'ஆமாம், முன்னாலேயே தெரியும்' என்றார்கள். தங்கள் அசைவு முழுக்கத் தன்னிச்சை அல்ல, அந்த உந்துதலுக்குத் தாங்கள் கொடுக்கும் பதில் என்று சொன்னவர்களே அவர்களில் அதிகம். சின்னப் பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை. பத்து வயதை ஒட்டித்தான் பலருக்கும் பிடிபடத் தொடங்குகிறது.

எனக்கும் டிக் உண்டு. மூன்றாம் ஆண்டு படிக்கும்போது தொடங்கியது. வலது தோளும் கண்ணும். ஸ்க்ரூவைக் கடைசிச் சுற்று முறுக்காமல் விட்டால் மனசு அங்கேயே நிற்குமே, தோளில் அப்படி ஒன்று உட்கார்ந்திருக்கும். ஒரு குலுக்கு, சரியாகிவிடும். அரை நிமிஷத்தில் மறுபடியும் லூஸ். பள்ளியில் ஓர் ஆசிரியர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "சபைகூடல்ல பத்து நிமிஷம் ஆடாம நின்னியே. அப்ப முடியுதுல்ல? இப்ப மட்டும் ஏன்டா முடியல?"

இந்தக் கேள்விக்கு 'ஹிச்கி'யில் பதில் இல்லை. நைனாவால் முடியாது, அவ்வளவுதான் என்கிறது படம். முடியாதவரைப் பார்த்து இரக்கப்படுவது சுலபம். ஆனால் டிக் உள்ள பலரால் கொஞ்ச நேரம் முடியும். நேர்முகத் தேர்வில் இருபது நிமிஷம், சாவு வீட்டில் அரைமணி நேரம். மூச்சை அடக்குவதுபோல அடக்கலாம், கவனம் முழுவதையும் அதற்கே கொடுக்க வேண்டியிருக்கும். இப்படி அடக்கத் தெரிந்தவனுக்கு விக்கல் கதை பாதுகாப்புத் தருவதில்லை. 'இவன் பாவம், இவனால் முடியாது' என்பது மட்டும்தான் மன்னிப்புக்குக் காரணம் என்றால், பத்து நிமிஷம் முடிந்தவன் நடிப்பவன் ஆகிவிடுகிறான். என் ஆசிரியர் கெட்டவர் இல்லை. அவரிடம் இருந்தவை இரண்டே பெட்டிகள். ஒன்று 'வேணும்னே பண்றான்', இன்னொன்று 'தெரியாம வருது'. நான் இரண்டிலும் அடங்கவில்லை.

மூன்றாவது பெட்டியைத் திறந்து காட்டும் நாவல் ஜொனாதன் லெதெமின் 'மதர்லெஸ் புரூக்ளின்'. 1999இல் வந்தது, அமெரிக்காவின் தேசியப் புத்தக விமர்சகர் வட்டத்தின் விருதும் பெற்றது. அநாதை இல்லத்தில் வளர்ந்த லயனல் எஸ்ராக்தான் கதைசொல்லி. தன்னை எடுத்து வளர்த்த சின்ன ரௌடி ஒருவரின் கொலையைத் துப்பறிகிறான். துப்பறிவாளனுக்கு ஒளிந்திருக்கத் தெரியணும், வாயை மூடிக்கொண்டு காத்திருக்கத் தெரியணும். லயனலுக்கு அந்த இரண்டும்தான் எதிரி. எங்கே அமைதி தேவையோ அங்கே உந்துதல் பெருக்கும். ஜென் தியானக்கூடத்தில் மற்றவர்களோடு அவன் உட்காரும் பகுதியைப் படிக்கும்போது எனக்கே தோள் இறுகியது. தன்மையில் சொல்லும் கதை என்பதால், வாய் திறப்பதற்கு முந்தைய நொடிக்குள் லெதெமால் நம்மைக் கூட்டிப்போக முடிகிறது. கேமரா வெளியே நிற்பது, அதற்கு இது கடினம்.

ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. லயனலின் டிக்குகளில் நாம் நினைவில் வைத்திருப்பது சொற்களை. பெயர்களைக் கடித்து, திருப்பி, ஒட்டி அவன் கத்தும் வார்த்தை வாணவேடிக்கைகள். அவன் அடுத்தவர் தோளைத் தட்டுவதும் பொருள்களைத் தொடுவதும் உண்டுதான், ஆனால் அவை ஓரத்தில் நிற்கின்றன. நாவலாசிரியனின் கருவி சொல், அதனால் சொல்லாக வரும் டிக்கையே அவன் பெரிதாக்குகிறான். படிக்க ஜாலியாக இருக்கிறது. அந்த ஜாலிதான் சிக்கல். கண் சிமிட்டலில் கவித்துவம் எதுவும் கிடையாது. அதைத்தான் ஒருநாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆலிவர் சாக்ஸ் சொல்வதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வருகிறார். நரம்பியல் மருத்துவர், வெளியிலிருந்து பார்ப்பவர். ஆனால் பொறுமையாகப் பார்ப்பவர். அவர் எழுதிய ரே, வாரநாள்களில் மாத்திரை போட்டுக்கொண்டு அமைதியாக வேலைக்குப் போகிறான். வாரக்கடைசியில் மாத்திரையை விட்டுவிட்டு ஜாஸ் டிரம்ஸ் வாசிக்கிறான். இன்னொரு கட்டுரையில் வரும் அறுவை மருத்துவர் நாள் முழுக்க டிக்குகளோடு திரிபவர். கத்தியைக் கையில் எடுத்ததும் அவை காணாமல் போகின்றன. இங்கே சாக்ஸ் பிடித்திருப்பது நுட்பமான விஷயம். அந்த மருத்துவர் அறுவைக்கூடத்தில் எதையும் அடக்கவில்லை. கவனம் முழுக்க வேலைக்குள் போனதும் உந்துதலே எழவில்லை. அடக்குவதும் மறைந்துபோவதும் ஒன்றல்ல. மைக்ராஸ்கோப்பின் கீழே போர்டில் சால்டர் வைக்கும்போது என் தோள் ஒரு மணி நேரம் தூங்கும். பிறகு மீட்டிங்கில் உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்துக்கே படாத பாடு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு நேரமும் நான் ஆடாமல்தான் இருப்பேன்.

அடக்குவது என்றதும் எல்லாரும் பிரஷர் குக்கரைச் சொல்வார்கள்: அடக்க அடக்க அழுத்தம் ஏறும், பிறகு இரண்டு மடங்காக வெடிக்கும். பொறியாளனாக எனக்கு இந்த உவமை பிடிக்கும், ஆனால் தரவு இதை ஆதரிக்கவில்லை. பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் அடக்கச் சொல்லி, பிறகு எண்ணிப் பார்த்த சோதனைகளில் டிக்குகள் வழக்கத்தைவிட அதிகமாகவில்லை. இதைவிடப் பொருத்தமான மாதிரி சுழற்சிதான். உந்துதல் வருகிறது, அசைக்கிறோம், நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே அடுத்த சுற்றுக்குக் கூலியாகிறது. 1973இல் அஸ்ரினும் நன்னும் முன்வைத்த பழக்கமாற்றுப் பயிற்சி இந்தச் சுழற்சியில்தான் கை வைக்கிறது. உந்துதல் எழும்போதே அதைக் கவனிக்கப் பழகு, அசைவுக்குப் பதில் அதோடு சேர்ந்து நடக்க முடியாத வேறொன்றைச் செய், உந்துதல் தானாக வடியும்வரை அதோடு உட்கார்ந்திரு. அதன் வளர்ந்த வடிவத்தை 126 பிள்ளைகளிடம் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களில் 52.5 விழுக்காட்டினர் தெளிவாக முன்னேறினார்கள். வெறும் ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 18.5. பாதிப்பேருக்குப் போதவில்லை என்பதும் இதே எண்ணில் இருக்கிறது. 'மனசு வச்சா முடியும்' என்ற அறிவுரைக்கும் இதற்கும் தூரம் அதிகம். இங்கே முதல் வேலை எதிர்ப்பது இல்லை, கவனிப்பது.

கவனிப்பது இலக்கியத்தின் வேலையும்கூட. தமிழில் இதற்கான கருவி பழசு. குறளில் 1253ஆம் பாடலில் ஒரு பெண் தன் காதலை மறைக்கப் பார்க்கிறாள், அது தும்மல்போல வெளிப்பட்டுவிடுகிறது. 1317இல் கணவன் தும்முகிறான், யார் நினைத்ததால் தும்மினாய் என்று அவள் அழுகிறாள். 1318இல் தும்மலை அவன் அடக்கிக்கொள்கிறான், யார் நினைப்பதை மறைக்கிறாய் என்று அதற்கும் அழுகிறாள். தும்மினாலும் குற்றம், அடக்கினாலும் குற்றம். ஊடலின் விளையாட்டுதான் இது. ஆனால் அடக்கும் அந்த நொடியை வள்ளுவர் ஒரு சம்பவமாகப் பார்த்திருக்கிறார். அடக்க முடிந்தவன் மேல்தான் சந்தேகம் விழும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் இலக்கணமும் உதவிக்கு வருகிறது. 'எனக்குத் தும்மல் வருது' என்போம், 'நான் தும்மினேன்' என்றும் சொல்வோம். முதல் வாக்கியத்தில் நான் பெறுபவன், இரண்டாவதில் செய்பவன். டிக் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் நடக்கிறது. 'எனக்கு வருது, அதனால நான் பண்றேன்.' ஆசிரியரின் இரண்டு பெட்டிகளில் இல்லாத பதிலை நாம் தினமும் பேசும் மொழி வைத்திருக்கிறது.

நம் கதைகளிலும் படங்களிலும் கண் துடிக்கும் ஆள் பெரும்பாலும் சிரிப்புக்காக வருகிறான், இல்லையென்றால் பதற்றத்தின் அடையாளமாக வருகிறான். இனி அப்படி ஒரு பாத்திரத்தை எழுதும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். அவன் எத்தனை முறை சிமிட்டினான் என்பதை விடுங்கள். சிமிட்டாமல் பிடித்து வைத்திருக்கும்போது எதிரில் இருப்பவர் பேசியதில் எவ்வளவு அவன் காதில் விழாமல் போனது என்று எழுதுங்கள். சபைகூடலில் ஆடாமல் நின்ற அந்தப் பத்து நிமிஷத்தில் தலைமையாசிரியர் என்ன பேசினார் என்று கேட்டால், எனக்குச் சுத்தமாகத் தெரியாது.