ஓடுதான் பெட்டி

கெங்கவல்லிப் பக்கம் கடலைக்காய் வாங்கத் தெரிந்தவர்களைக் கவனித்துப் பாருங்கள். விலை கேட்பதற்கு முன்பே கை சாக்குக்குள் போய்விடும். ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்குவார்கள். கலகலவென்றால் காய்ச்சல் சரி. சத்தம் வந்தும் கை கனக்கவில்லையா? பருப்பு சுருங்கிக் கிடக்கிறது. சத்தமே இல்லையென்றால் ஈரம் போகவில்லை.

அடுத்து ஒன்றை உடைப்பார்கள். பருப்பைத் தின்பதற்கு முன் ஓட்டின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். பஞ்சுபோல் வெளுத்திருந்தால் இளசு. பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாய் இருந்தால் நன்றாக முற்றியது. எண்ணெய் அதில்தான் ஏறியிருக்கும்.

அமெரிக்கப் பீக்கன் கொட்டையை இன்று பெரிதாகப் பேசுகிறார்கள். நம் கடலையும் அக்கரைச் சரக்குதான். தென் அமெரிக்காவில் பிறந்தது. கடலூர், விழுப்புரம் பக்கம் அதை மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்கிற பேச்சில் அது வந்த வழியின் சுவடு இருக்கிறது. பெயர்தான் கொட்டை, உண்மையில் துவரை, உளுந்தின் உறவு. அதனால்தான் 100 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் புரதம். பீக்கனில் 9 கிராம்தான். கடலையின் எடையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய், அதில் பெரும்பகுதி இதயத்துக்கு நல்ல வகை. தினம் ஒரு பிடி, 30 கிராம் போதும். சிவப்புத் தோலை ஊதித் தள்ளாதீர்கள். நார்ச்சத்து அதில் உண்டு. ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் தொடவே கூடாது.

அந்த எண்ணெய்தான் சேமிப்பில் வம்பு. சூடும் வெளிச்சமும் காற்றும் பட்டால் காறிப்போகும். கடலைக்கு ஓடுதான் பெட்டி. ஓட்டோடு காயவைத்து, சாக்கில் கட்டி, தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். உரித்த பருப்பானால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். பூசணம் பிடித்ததையும் நிறம் மாறியதையும் வறுத்துச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். அதில் இருக்கக்கூடிய அஃப்ளடாக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. வறுத்தாலும் முழுதாகப் போகாது.

ருசிக்கு வருவோம். செடியிலிருந்து அன்றைக்கு ஆய்ந்த பச்சைக்காயை மண் போகக் கழுவி, கல்லுப்புப் போட்டு வேகவையுங்கள். அடுப்பை அணைத்தபின் அரைமணி நேரம் அந்தத் தண்ணீரிலேயே கிடக்கட்டும். ஓட்டைக் கடித்ததும் முதலில் உப்புச்சாறு நாக்கில் பீச்சும். பிறகு மாவாய்க் கரையும் பருப்பு, கடைசியில் மெல்லிய மண்வாசம். காய்ந்த காயானால் மணலில் வறுக்க வேண்டும். மணல் சூட்டைச் சீராகப் பரப்புவதால் தோல் தீயாமல் உள்வரை வேகும். வறுத்த சூட்டில் தின்னாதீர்கள். ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். கூடவே ஒரு துண்டு வெல்லம்.

உரித்து, உப்புத் தடவி, பளபளக்கும் பொட்டலத்தில் வருவதில் காதுக்கும் விரலுக்கும் வேலை இல்லை. அடுத்தமுறை ஓட்டோடு ஒரு படி வாங்குங்கள். வாங்குமுன் குலுக்கிப் பாருங்கள்.