முகாமைத்துவக் கொள்கைகளில் தொழிலாளியின் இடம்

ஒரு கொள்கையின் இயல்பை அறிதற்கு, அது வகுக்கும் விதிகளினும் அது காட்டும் எடுத்துக்காட்டுக்களே சிறந்த கருவிகளாம். அமெரிக்கப் பொறியியலாளரான பிரெடெரிக் வின்சுலோ ரெயிலர் (1856–1915) எழுதி 1911 இல் வெளிவந்த ‘விஞ்ஞான முகாமைத்துவத்தின் தத்துவங்கள்’ என்னும் நூல் இதற்குத் தக்க சான்றாகும்.

ரெயிலருக்கு முன் வேலைமுறை பெரும்பாலும் தொழிலாளியின் பழக்கத்துக்கும் மேற்பார்வையாளனின் மிரட்டலுக்கும் விடப்பட்டிருந்தது. அவரோ ஒவ்வொரு வேலையையும் சிறு அசைவுகளாகப் பகுத்து, நிறுத்தற் கடிகாரத்தால் அளந்து, தலைசிறந்த ஒரு முறையை வகுக்க முனைந்தார். சோம்பலென ஏசுவதை விடுத்து வேலையை அளந்தறிய முயன்றமையும், கடும் உழைப்புக்கு இடையிடையே ஓய்வு வேண்டுமெனக் கண்டமையும் அவர்தம் சிறப்புக்களாம். ஆயின், சிந்தித்தல் முகாமையாளருக்கும் செய்தல் தொழிலாளிக்கும் உரியன என்னும் பகுப்பே அவர் கொள்கையின் உயிர்நிலையாகும். அதன் குறைபாடும் ஆண்டே உள்ளது.

நூலிற் பெரிதும் பேசப்படும் எடுத்துக்காட்டு, பென்சில்வேனியாவிலிருந்த பெத்லகேம் உருக்காலையில் 1899 இல் நிகழ்ந்ததாகும். ஏறத்தாழ 92 இறாத்தல் நிறையுள்ள இரும்புப் பாளங்களைச் சுமந்து புகையிரதப் பெட்டியில் ஏற்றும் தொழிலாளி ஒருவனை, ‘சிமிட்’ எனப் பெயர் மாற்றி ரெயிலர் அறிமுகஞ் செய்கின்றார். அங்குள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டரைத் தொன் ஏற்ற, இவன் ‘நட’ என்றபோது நடந்தும் ‘இரு’ என்றபோது இருந்தும் 47 தொன் ஏற்றினானாம். கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராயிற்று. வேலை ஏறத்தாழ நான்கு மடங்காகக் கூலியோ அறுபது வீதமே உயர்ந்தது.

இத்தொழிலுக்கு ஏற்றவன் அறிவில் எருதை ஒத்தவனாதல் வேண்டுமென்பது ரெயிலரின் கருத்து. ஆயினும், இவன் சிறு நிலமொன்றை வாங்கி, காலையில் வேலைக்கு வருமுன்னும் மாலையில் வேலை முடிந்த பின்னும் தனக்கென ஒரு சிறு வீட்டின் சுவர்களை எழுப்பி வந்தான் என்று கூறுபவரும் அவரே. எருது வீடு கட்டுமோ? ஆலைக்கு வெளியே திட்டமிட வல்லவன் உள்ளே சிந்திக்கத் தகாதவனாகியது இயல்பினாலன்று; பகுப்பினாலேயாம். கதையின் விவரங்கள் பல பதிவேடுகளோடு பொருந்தாவென 1974 இல் றெஜ், பெரோனி என்னும் ஆய்வாளர் காட்டினர். ஆயின் இம்முரண்பாடு பதிவேட்டிலன்றி நூலினுள்ளேயே கிடப்பதாகலின், அதனைக் காணப் பிறர் சான்று வேண்டா.

சிக்காகோ நகருக்கு அண்மையிலிருந்த ஹோதோண் ஆலையில் 1924 முதல் 1932 வரை நிகழ்ந்த ஆய்வுகள் வேறொரு நெறியைத் தோற்றுவித்தன. தொழிலாளியின் உணர்ச்சியும் தோழமையும் வேலையைப் பாதிக்கும் என எல்ற்றன் மேயோ முதலியோர் உரைத்தனர். இது பெரும் முன்னேற்றமே. ஆனால், அங்கு ஆய்வுக்குட்பட்ட ஐந்து பெண்களுள் இருவர், பேச்சு மிகுந்ததென 1928 இல் மாற்றப்பட்டனர். உணர்ச்சிக்கு மதிப்பளிக்கப்பட்டது, தீர்மானிக்கும் உரிமை பகிரப்படவில்லை.

1960 இல் டக்ளஸ் மக்கிரெகர் இவ்வாராய்ச்சியை அடிப்படைக்கே கொண்டு சென்றார். மனிதன் வேலையை வெறுப்பவன் என்னும் எண்ணத்தை ‘எக்ஸ்’ கொள்கை எனவும், தக்க சூழலில் பொறுப்பைத் தானே நாடுபவன் என்னும் எண்ணத்தை ‘வை’ கொள்கை எனவும் அவர் வகுத்தார். சிமிட்டின் வீட்டுச் சுவரைக் கண்டுகொண்டது பின்னைய கொள்கையே எனலாம்.

இன்றைய பணியிடங்களில் இம்மூன்றும் ஒருங்கே வாழ்கின்றன. ஊழியரின் ஆலோசனையை வேண்டும் நிறுவனமே, பண்டகசாலையிலும் தொலைபேசி நிலையத்திலும் அவர்தம் வினாடிகளைக் கணினியால் எண்ணுகின்றது. கடிகாரம் மேற்பார்வையாளனின் கையினின்று இயந்திரத்தினுள் மறைந்ததேயன்றி ஒழிந்திலது. ஆகவே, புதிய கொள்கை எதுவாயினும், அதன் பெயரை நோக்காது, தொழிலாளியை அது எருதெனக் கொள்கின்றதோ வீடு கட்டுவோன் எனக் கொள்கின்றதோ என வினவுதலே அறிஞர் கடனாம்.